அம்மா மட்டுமே ஊட்ட வேண்டும்

என் பையில் எப்போதும் இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் கிடக்கும். பிடி வழுக்காமலிருக்க சைக்கிள் டியூபைச் சுற்றிய சின்ன ஸ்பூன்கள். ஒரு காலத்தில் ஒன்றுதான் வைத்திருந்தேன். அது இரண்டானதற்குக் காரணம் எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த பாப்பாவின் அம்மா.

வளர்ச்சி தாமதமான பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை அந்த வீடு. பாப்பாவுக்கு ஆறு வயது. உட்கார வராது, பேச்சு வராது, ஒரு வாய் சோறு விழுங்குவதே பெரும்பாடு. எப்படி நிமிர்த்திப் பிடிப்பது, தாடைக்குக் கீழே எங்கே விரல் கொடுப்பது என்றெல்லாம் நான்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் அவள் கணவர் ஒருநாள் ஆசையாய் ஒரு வாய் ஊட்ட, பாப்பாவுக்குப் புரையேறி முகமே நீலமாகிவிட்டது. பதற்றத்தில் அந்த மனிதரைக் கண்டபடி திட்டினேன். சுவரில் ஒட்டியிருந்த பயிற்சி அட்டையில், 'அம்மா மட்டுமே ஊட்ட வேண்டும்' என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

பாப்பா எடை ஏறினாள். கூட்டங்களில் அவள் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அம்மா என்ன ஆனாள் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. மூன்று வேளையும் வேளைக்கு ஒரு மணி நேரம் ஊட்ட வேண்டும். மீதி நேரம் துணி, சமையல். தூசு படிந்த அந்த ஜன்னல்தான் அவளுக்குத் தெரு, கடை எல்லாம். புழலில் அவளைப் பெற்றவள் இறந்த அன்றுகூட முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, பிணத்தை எடுப்பதற்கு முன்பே பாப்பாவின் மதியச் சோற்றுக்கு ஓடிவந்தாளாம். "இன்னா பண்றது டீச்சர், நீங்கதான் எய்தி ஒட்டிக்கீறீங்களே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், பாவி.

பிறகு அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். மூன்று முறை தேதி கொடுத்தும் அவள் போகவில்லை. உதடு வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "நான் அங்க போய் படுத்துகினா இதுக்கு யாரு ஊட்றது? பட்னியா கெடந்து பூடும் டீச்சர்" என்றாள். அட்டையில் இருந்த வரியை நானே அடித்துவிட்டு, ஸ்பூனை அவள் கணவரிடம் நீட்டினேன். "வோணாம் டீச்சர், என் கையால எதுனா ஆயிடுச்சுன்னா?" என்று அவர் சமையல் கட்டுக்குள் போய் நின்றுகொண்டார். நான் ஊட்டிப் பார்த்தேன். பாப்பா பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஒருநாள் காலை அம்மா மயங்கி விழுந்ததும் அவளைக் கேட்காமலே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஸ்பூன் அவர் கைக்கு வந்தது. அவர் விரலைப் பிடித்துத் பாப்பாவின் தாடைக்குக் கீழே நான் வைத்தேன். முதல் நாள் ஊட்டியதெல்லாம் வெளியே வந்தது. இரண்டாம் நாள் நாலு வாய் இறங்கியது. மூன்றாம் நாள் மதியம் கிண்ணம் காலி. மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று அவளைக் கைத்தாங்கலாக மாடியேற்றினார்கள். "உங்க வீட்டுக்காரர் கையாலயே சாப்பிடுது பாருங்க" என்றேன், சந்தோஷப்படுவாள் என்று. அவர் ஊட்டினார். பாப்பா சமர்த்தாக வாயைத் திறந்தாள். அம்மா சிரிக்கவில்லை. கடைசி வாய்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே ஒரு ஸ்பூனை அம்மாவிடமும், இன்னொன்றை அங்கே இருக்கும் வேறொருவரிடமும் கொடுத்துவிடுகிறேன். இரண்டாவது ஸ்பூனைப் பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம், அன்று கிண்ணம் காலியானதும் பாப்பாவின் அம்மா என்னிடம் திரும்பிக் கேட்டது காதில் விழுகிறது.

"அப்போ, எங்கம்மாவ எடுக்கற வரிக்கும் நான் அங்கியே இருந்திருக்கலாமா டீச்சர்?"