புள்ளைக்குக் கூடாது

எங்கள் வீட்டில் ‘புள்ள’ என்றால் அது நான்தான். எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது பள்ளிக்கூட இடாப்புக்கு மட்டும். வீட்டில் ‘புள்ள சாப்பிட்டதா’, ‘புள்ளைய எழுப்பு’, ‘இந்தப் புள்ளைக்கு வாய் காது வரைக்கும்’ என்று எல்லாப் பேச்சும் என்னைப் பற்றியதுதான். ஏழு வயது வரைக்கும் இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் குழம்பியது.

தன்னாமுனைப் பக்கம், வாவியை ஒட்டிய ஒரே வளவுக்குள் எங்கள் வீடும் சின்னம்மாவின் வீடும் இருந்தன. சித்தப்பா மண்பாத்திரம் வனைவார், சின்னம்மா அதில் சித்திரம் போடுவார். பாத்திரம் சற்றுக் காய்ந்ததும், உருக்கிய மெழுகைத் தூரிகையில் தொட்டு அதன்மேல் மீன் வரைவார். பிறகு வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து மேலே பூசுவார். மெழுகு இருக்கிற இடத்தில் வெள்ளை ஒட்டாது, வழுக்கி ஓடிவிடும். சூளையில் சுட்டு எடுத்தால் மெழுகு எரிந்துபோய், வெள்ளைக்கு நடுவே சிவப்பு மீன் நீந்தும். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரர் இதைப் பார்த்துவிட்டு, மேசைக்கு மேசை வைக்கப் பூச்சாடி கேட்டிருந்தார்.

மெழுகு சேர்ப்பது என் உத்தியோகம். மாதா கோயிலில் கூட்டித் துப்புரவாக்கும் அக்காவிடம் கேட்டு, எரிந்து முடிந்த மெழுகுதிரிக் கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். சின்னம்மா அவற்றைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டு அடுப்பில் உருக்குவார். இறக்கி வைத்து, இளக்கமாக நிற்கக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விடுவார். புகை கண்ணைப் பிடுங்கும். ஆனாலும் எனக்கு அந்த மணத்தில் ஒரு பைத்தியம்.

ஒருநாள் கிளினிக்குக்குப் போய்வந்த சின்னம்மா, பேணியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

“இனி மெழுகு வேணாம் அக்கா. கிளினிக் மிஸ் சொல்லிப்போட்டா, இந்தப் புகை புள்ளைக்குக் கூடாதாம்.”

சின்னம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வளவில் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் கோழிகளுக்கும்தான் தெரியாது. முந்தின முறை சந்தோசத்தில் ஊரெல்லாம் சொல்லி, நாலு பேர் கண்பட்டு அது தங்காமல் போனது என்பது அம்மாவின் எண்ணம். அதனால் இந்தமுறை வயிறு தானாகத் தெரிகிற வரைக்கும் வாய் திறப்பதில்லை என்று பெரியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். என்னிடம் ஒன்றைச் சொன்னால் அது சந்தியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னதற்குச் சமம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

எனக்கோ தலைகால் புரியவில்லை. என் மூச்சுக்காகச் சின்னம்மா மெழுகையே விட்டுவிட்டாரே! உத்தியோகம் போன கவலைகூட அந்தப் பெருமையில் கரைந்துபோனது.

மெழுகுக்குப் பதில் என்ன என்பதுதான் அதற்குப் பிறகு வீட்டில் ஒரே பேச்சு. முதலில் அரிசிமாவைத் தடிப்பாகக் கஞ்சி காய்ச்சி, அதால் மீன் வரைந்து வெயிலில் வைத்தார் சின்னம்மா. திரும்பி வருவதற்குள் கோழிகள் மீன் முழுவதையும் கொத்திச் சாப்பிட்டு, சாடி உடம்பெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழி. சித்தப்பா ரவுண் கடைகளில் விசாரித்து ஒரு போத்தல் ரப்பர் பால் வாங்கி வந்தார். மூடியைத் திறந்ததுதான் தாமதம், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக ஒரு நாற்றம்.

“ஐயோ, மூடுங்க மூடுங்க! இது மெழுகுக்கு அண்ணன். புள்ளைக்குக் கூடாது!” என்று அம்மா ஓடிவந்தார்.

நான் உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு முறை இருமியும் காட்டினேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் சின்னம்மாவைத்தான் பார்த்தார்கள். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்காதவை அதோடு நிற்கவில்லை. சின்னம்மா ஒரு துண்டு பப்பாசிப்பழத்தை வாயில் வைக்கப் போனார். “கூடாதுகா, புள்ளைக்குக் கூடாது” என்று அம்மா அதைப் பறித்தார். பறித்து என் கையில் தந்தார். புள்ளைக்குக் கூடாததைப் புள்ளையிடமே கொடுக்கிற தாயை எங்கேயாவது கண்டதுண்டா? பயத்தோடுதான் தின்றேன், நல்ல இனிப்பு. இன்னொருநாள் சூளைக்கு விறகு எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது, “புகை புள்ளைக்குக் கூடாது” என்று பெரிய மனுசிபோல் சொல்லிவிட்டு நின்றேன். மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. மெழுகுப்புகை கூடாது, விறகுப்புகை பரவாயில்லை என்றால் இது என்ன நியாயம்?

பூவரசம் இலையை ஒட்டிப் பார்த்தார்கள், அது காய்ந்து சுருண்டது. ஹோட்டல்காரரின் தவணை கிட்டி வந்தது. கடைசியில் வழி காட்டியது மழைதான். சித்தப்பா படித்துவிட்டுப் போட்ட பேப்பர் நனைந்து ஒரு சாடியோடு ஒட்டிக்கிடக்க, சின்னம்மா கவனிக்காமல் அதன்மேலும் வெள்ளையைப் பூசிவிட்டார். ஏசிக்கொண்டே உரித்தால், பேப்பர் இருந்த இடம் பளிச்சென்று சிவப்பு. சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தார். அன்று தொடக்கம் எனக்குப் புது உத்தியோகம், பேப்பரில் மீன் வெட்டுவது. அமைச்சர்மாரின் முகமெல்லாம் என் கத்திரிக்கோலில் செத்தல் மீனும் கெழுத்தி மீனுமாக மாறின. நனைத்து ஒட்டி, வெள்ளை பூசி, அது இறுகுமுன் உரித்தால் தீர்ந்தது வேலை. நெருப்பில்லை, புகையில்லை, நாற்றமில்லை.

அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். “சின்னம்மா, மெழுகை விட்டது எனக்காகத்தானே?”

சின்னம்மா கொஞ்சம் யோசித்தார். ஒரு கை மடியில் இருந்தது. மற்றக் கையால் என் தலையைத் தடவினார்.

“ஓம் மகள். புள்ளைக்காகத்தான்.”

பூச்சாடிகள் பாசிக்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தன, ஹோட்டல்காரர் இன்னும் கேட்டார். அந்த நாட்களில்தான் ஒரு பின்னேரம் ஓட்டோ வந்து சின்னம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது. பிள்ளை தங்கவில்லை. மெழுகை விட்டும், பப்பாசியைப் பறித்தும், ஊருக்கு மறைத்தும் தங்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது, சின்னம்மாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும்.

காய்ச்சல்காரர் திரும்பி வந்து சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். நான் வெட்டிக் குவித்த மீன்களைக் காட்டினால், “நல்லாரிக்கு” என்பார், பார்க்கமாட்டார். எனக்கு அழுகையாக வரும்.

பிறகு ஒருநாள் தானாக எழும்பி வந்தார். “கோழிக்கூட்டுக்குப் பின்னால பேணி கிடக்கும், எடுத்துக்கொண்டு வாகா” என்றார். நான் பறந்தேன். பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த சந்தோசம். பேணி அடுப்பில் ஏறியது, மெழுகு உருகியது, புகை எழும்பியது. மணம் பிடித்து அம்மா ஓடிவந்தார்.

“என்னடி செய்யிறாய்? அதான் பேப்பர் இரிக்கே!”

“இனி என்னக்கா? ஆருக்குக் கூடாது?” என்றார் சின்னம்மா. குரலே ஒருமாதிரி இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அடுப்படியில் குந்தியிருந்தேன். காற்று மாறிப் புகை என் முகத்தில் அடித்தது. நடிப்பில்லாமல், உண்மையாகவே இருமல் வந்தது. இருமி இருமிக் கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்தால், சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் என்னை முதன்முதல் காண்கிறவர்போல அப்படியொரு பார்வை.

சீலைத் துண்டால் பிடித்துப் பேணியை இறக்கினார். அடுப்பைத் தணித்தார். என்னை இழுத்து மடியில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“வேணாம். பேப்பரையே வெட்டு மகள். இது புள்ளைக்குக் கூடாது.”

அந்தச் சொல் உண்மையில் என்னைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. முதலிலிருந்தே அது நான்தானே. இதைச் சொல்வதற்கு ஏன் இந்தச் சின்னம்மா இப்படி அழுகிறார் என்பதுதான் விளங்கவில்லை. அடுப்பு அணைந்த பிறகும் புகை கண்ணில் நிற்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, கத்திரிக்கோலைத் தேடிப் போனேன்.