யார் போட்ட முடிச்சு

என் மனைவியோடு குடித்தனம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும். மருத்துவமனையில் இருபத்திரண்டு வருட நர்ஸ். நான் சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். "கத்துறீங்கல்ல? அப்போ மூச்சு நல்லா இருக்கு" என்று வெங்காயம் நறுக்குவாள். சின்ன மகள் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். இது என்ன நியாயம் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நிலநடுக்கம் வந்த காலையிலும் இதே கதைதான். சமையலறைச் சுவர் சரிந்து அப்பாவின் மண்டை உடைந்தது. முகமெல்லாம் ரத்தம். தலையில் ஒரு துண்டைச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மருத்துவமனைக் கட்டடத்திலும் விரிசல் விழுந்திருந்ததால் எல்லோரையும் வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். ஒரே கூடாரம், உள்ளே இரண்டு டாக்டர்கள். வாசலில் என் மனைவி, வருகிறவர்களை அரை நிமிடம் பார்த்து, மணிக்கட்டில் கலர் துணி கட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் காத்திரு. பச்சை என்றால் ஓரமாகப் போ. கறுப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மஞ்சள் கட்டினாள்.

"ஏய், இது நம்ம அப்பாடி!"

"தெரியுதுங்க. மாமா, என் விரலைப் பாருங்க... ம், சரி. தலைக் காயம்னா ரத்தம் அப்படித்தான் கொட்டும். துண்டை நல்லா அழுத்திப் பிடிங்க. அடுத்த ஆள்!"

அடுத்த ஆளாம்! அவளைச் சொந்த மகளாக நினைத்துத் தாங்கிய மனிதருக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

பக்கத்துப் பாயில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, துணைக்கும் ஆள் இல்லை. வயிற்றைப் பிடித்தபடி சும்மா படுத்திருந்தாள். அவள் கையில் சிவப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் குனிந்தேன். அவள் கட்டுவது ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். சிவப்பை அப்பா கைக்கும் மஞ்சளை அந்தப் பெண் கைக்கும் மாற்றிக் கட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"டேய், வேணாம்டா" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க."

கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்பாவை ஏற்றிக் கூடார வாசல்வரை கொண்டுபோய்விட்டார்கள். அங்கே என் மனைவி வழிமறித்து, துணியைத் தொட்டுப் பார்த்தாள். நான் சோபா தைக்கிறவன். இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகுவது என் கை தானாகச் செய்யும் வேலை. எங்கள் வீட்டு மூட்டை முடிச்செல்லாம் அப்படித்தான். அவிழ்க்க முடியாமல் தினமும் என்னைத் திட்டுகிறவளும் அவள்தான்.

"இது யாரோடதுங்க?"

அப்பாதான் கை நீட்டி அந்தப் பாயைக் காட்டினார்.

ஓடினாள். "வயிறு கல்லு மாதிரி இருக்கு, உள்ள ரத்தம் கசியுது, சீக்கிரம் தூக்குங்க!" அப்பாவை இறக்கிவிட்டு அந்தப் பெண்ணை ஏற்றினார்கள். அவள் கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கியது, நான் கட்டிய மஞ்சளோடு. கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டேன்.

மத்தியானம் அப்பாவுக்குப் பதினொரு தையல் போட்டார்கள். நடந்தே வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போய் வேறு பாயில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் மனைவி வந்து என் முன்னால் நின்றாள். "பொழச்சுட்டா."

எனக்குப் பெருமூச்சு வந்தது.

"மூச்செல்லாம் விடாதீங்க. அவ பொழச்சது உங்களால இல்ல. செத்திருந்தா உங்களாலதான்."

எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்கிற எனக்கு அன்று ஒன்றும் வரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி நாலடி நடந்தாள். அப்புறம் நின்றாள். திரும்பி வந்து, பக்கத்தில் குந்தி, என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.