குண்டூசிப் பாட்டு

பாட்டக்கா ஓட்டும் பேருந்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, பாட்டு நிச்சயம் கிடைக்கும். சிக்னலில் வண்டி நின்றால் பல்லவி. நெரிசலில் மாட்டிக்கொண்டால் சரணமும் சேர்த்து. "ரோட்டைப் பாருக்கா" என்று கண்டக்டர் கையெடுத்துக் கும்பிடுவார். ரோட்டையும் பார்ப்பாள், பாட்டையும் விடமாட்டாள். அவள் வண்டி இதுவரை ஒரு சுவரைக்கூட உரசியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது ஒரு மேசைக்கு அடியில். அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. கீழே உட்கார்ந்து வெட்டுத்துணி பொறுக்குவது அப்போது சின்னவளாக இருந்த பாட்டக்காவின் வேலை. வந்தவர்களை நிற்கவைத்து அளவு பார்க்கும்போது அம்மா ஒரு பாட்டை எடுப்பாள்.

"ஓடிவந்த காத்தே, கொஞ்சம் ஓரமா நில்லு..."

முதல் வரி கணீரென்று வரும். அடுத்தது "ம்ம்ம்" என்று உதடு மூடிய ரீங்காரம். அது தாழ்ந்து போய், சட்டென்று மேலேறி, ஒரு குலுக்கு குலுக்கி இறங்கும். அந்த "ம்ம்ம்"மில் சின்னவள் சொக்கிப்போனாள். அன்று தொடங்கியதுதான். பக்கத்து வீட்டு ரேடியோவுக்காகச் சுவரில் காதை வைத்துத் தூங்கினாள். முதல் சம்பளத்தில், காலில் செருப்பு அறுந்து தொங்க, டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டிப்போவின் ஆண்டு விழாவுக்கு, டிக்கெட் செக்கர் ஒரு பாட்டுக் குழு சேர்த்தார். ஆளுக்கொரு வீட்டுப் பாட்டு. பாட்டக்கா தன்னுடையதை எடுத்தாள். இரண்டாம் வரியில் உதட்டை மூடிக்கொண்டு ரீங்கரித்தாள்.

ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் கையை எடுத்தார். "வரி மறந்துபோச்சாக்கா?"

"இதுதான் வரி."

"இது வரியா? வாயில எதையோ வெச்சுக்கிட்டுப் பாடுற மாதிரியில்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் உறைத்தது. குண்டூசி! அளவு பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் உதடுகளுக்கிடையில் வரிசையாகக் குண்டூசி இருக்கும். துணியை மடித்துக் குத்தி முடியும்வரை வாயைத் திறக்க முடியாது. அதைப் போய்ப் பாட்டு என்று இத்தனை காலம் கொண்டாடியிருக்கிறாள்.

"வார்த்தையைக் கேட்டுட்டு வாம்மா. அரைப் பாட்டை மேடையேத்தினா நம்ம மானம் போயிடும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடறேன்" என்றார் செக்கர்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் பிடித்தாள். அம்மாவுக்குப் பார்வை மங்கித் தையலை விட்டு வெகுநாளாகிறது. முதல் வரியை நன்றாகத்தான் பாடினாள். பிறகு உதடு தானாக மூடிக்கொண்டது. ஊசியும் இல்லை, துணியும் இல்லை. "ம்ம்ம்" மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதேதான்.

"வர மாட்டேங்குதுடி." அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "உனக்கு ஒரு பாட்டைக்கூட முழுசாக் குடுக்கலியே நான்."

வரி போனால் போகட்டும், மகளுக்குக் கடன்பட்டவளாக அம்மா தன்னையே நினைத்துக்கொள்வதைப் பாட்டக்காவால் தாங்க முடியவில்லை.

மறுநாள் செக்கரிடம் போய் நின்றாள். "எனக்கு வந்த மாதிரிதான் சார் பாடுவேன். வேண்டாம்னா என்னை எடுத்துடுங்க." அவ்வளவு ஆசை வைத்திருந்த மேடையை விட்டுத்தரத் துணிந்துதான் சொன்னாள். செக்கர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்; ஆனால் எடுக்கவில்லை. குழுவில் அவளுக்கு ஈடாகப் பாட ஒரு தொண்டை வேண்டுமே!

விழாவில் அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்தாள். மேடையேறி முதல் வரியைப் பாடினாள். கூட்டம் தலையாட்டியது. இரண்டாவதற்கு உதட்டை மூடிக்கொண்டு, அந்த "ம்ம்ம்"மை ஒரு குலுக்கல்கூடக் குறையாமல் ரீங்கரித்தாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் முதல் வரிக்கு வந்து, மறுபடி உதட்டை மூடினாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் எழுந்தது.

"வாசலிலே நிக்கிறேனே, வந்த சேதி சொல்லு..."

அம்மாதான். மகள் ரீங்கரிக்கக் கேட்டதும், எங்கேயோ கிடந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. ஆர்மோனியத்தில் மெக்கானிக்கின் விரல்கள் அம்மாவின் குரலோடு போயின. பாட்டக்கா பாட்டை நிறுத்திவிட்டாள். கண்ணீர் வழிய மேடையில் அப்படியே நின்றாள்.

"என்னடி நிக்கிற?" என்று அம்மா கீழேயிருந்து அதட்டினாள். "வாயைத் திறந்து பாடு!"