ஆறு நிமிடம் கழித்து வரும் தாளம்

அந்தக் கேசட்டை எங்கள் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் அப்பாதான். பிறகு நடந்ததைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்குக் கொல்லிமலை ஒன்றிய அலுவலகத்தில் வேலை. சமவெளியிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மாதமே கீழே திரும்ப மனு எழுதத் தொடங்கிவிடுவார்கள். அப்பா எழுதவில்லை. எழுபது வளைவுகளைத் தாண்டிச் சொந்தக்காரர்கள் அடிக்கடி வரமாட்டார்கள் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும். செம்மேட்டில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா பிளஸ் டூ முடிக்கும் தறுவாயில் இருந்தாள். நாமக்கல்லில் பெண்கள் கல்லூரியில் பிசிக்ஸ் படிப்பது என்று அவளும் அப்பாவும் பேசி வைத்திருந்தார்கள். விண்ணப்பம்கூட வாங்கி வந்தாயிற்று.

இரண்டு வீடு தள்ளி மாட்டு டாக்டர் இருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர், கல்யாணம் ஆகாதவர். பகலெல்லாம் வளப்பூர் நாட்டு மலைக்கிராமங்களில் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குவார். பேச ஆள் கிடைத்தால் போதும், ஒரே விஷயத்தைத்தான் பேசுவார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பாட்டுக் குழு. ஹாஸ்டலில் சீனியர் ஒருவரிடமிருந்து பதிவு செய்துகொண்ட எட்டு கேசட்டுகள் அவரிடம் இருந்தன. எட்டும் அந்த ஒரே குழுவினுடையவை.

"புராகிரஸிவ் ராக்னு சொல்லுவாங்க சார். ஒரு பாட்டே இருபது நிமிஷம் ஓடும்" என்றார் அப்பாவிடம்.

அப்பா மாதாமாதம் 'புராகிரஸ் ரிப்போர்ட்' எழுதி அனுப்புகிறவர். அந்தப் பாதி வார்த்தை மட்டும் அவருக்குப் பிடிபட்டிருக்கும். அக்கம்பக்கத்துக் கம்பவுண்டரும் பேங்க்காரரும் டாக்டரிடமிருந்து ஏற்கெனவே நழுவிவிட்டார்கள். அப்பாவுக்கு முகத்தில் அடித்தாற்போல் மறுக்கத் தெரியாது. கேசட்டை வாங்கி வந்து டேப் ரிக்கார்டர் மேல் வைத்துவிட்டு மறந்துபோனார்.

அரைப் பரீட்சை விடுமுறையில் ஒருநாள் அக்கா அதை எடுத்துப் போட்டாள். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல் ஒரு 'ம்ம்ம்' மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து அவள் அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். பிறகு எப்போதோ முறம் அப்படியே நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். யாரோ வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தாள்.

மறுநாள் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனது நான்.

"அப்பா கேட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. அக்காதான் கேட்டா. வேற இருக்கான்னு கேக்கச் சொன்னா."

அவர் ஊசி போடும் மாடு ஒன்று அவரிடம் திருப்பிப் பேசியிருந்தால் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்தார். பிறகு கவலைப்பட்டார். "அது நாலாவதுல்லா, கைக்குக் கெடச்சதக் குடுத்துட்டேன். நடுவுல ஆரம்பிச்சுட்டாங்களே!" உள்ளே போய்த் தடுப்பூசிப் படிவத்தின் பின்பக்கத்தில் வரிசை எழுதிக் கொண்டுவந்தார். அதோடு வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பினார். முதல் கேசட்டை வைத்து முடிவு பண்ணிவிடக் கூடாது, அதில் அவர்களே பழகிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும். ஐந்தாவதுக்குப் பிறகு கீபோர்டு வாசிக்கிறவர் போய்விடுவார், வருத்தப்படக் கூடாது. ஏழாவது மட்டும் வேண்டவே வேண்டாம். நான் இதையெல்லாம் மனப்பாடச் செய்யுள்போல அக்காவிடம் ஒப்பித்தேன்.

அந்தத் தையும் மாசியும் அப்படித்தான் போயின. மலையில் கரண்ட் பாதி நாள் இருக்காது. இருந்தாலும் வோல்டேஜ் குறைந்து பாட்டு இழுத்துக்கொண்டு ஓடும். அக்கா பேட்டரிகளை வெயிலில் காயவைத்து எடுத்துப் போடுவாள். மேகம் வந்தால் அவற்றைத் தூக்கிக்கொண்டு வெயில் விழும் இடம் தேடி முற்றம் முழுக்க அலைவாள். பாடம் படித்த நேரம் போகத்தான் கேட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிப்பில் அவள் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

முதல் கேசட் எனக்கு இரைச்சலாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தரையில் விரலால் தட்டிக் காட்டினாள்.

"எண்ணு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு. பாத்தியா, எட்டு வரும்னு நாம காத்திருக்கோம். அதுக்குள்ள மறுபடி ஒண்ணு வந்திருது. படியில எறங்கறப்ப ஒரு படி இல்லாமப் போன மாதிரி இல்ல?"

எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் தலையை ஆட்டினேன். அவள் சட்டென்று டேப்பை நிறுத்தி, "இப்ப எத்தன?" என்பாள். நான் "எட்டு" என்பேன். "கழுத" என்று சொல்லிவிட்டு மறுபடி போடுவாள். பழைய பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எண்களாக எழுதிக்கொண்டே போவாள். ஒரு குறிப்பிட்ட இடம் வரும்போது அவள் கண்ணில் நீர் இறங்கும். முகத்தில் அழுகையே இருக்காது, கண்ணீர் மட்டும் வரும். நானும் எச்சிலைத் தொட்டுக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

வேண்டாம் என்று சொன்ன ஏழாவதையும் அக்கா கேட்டு வாங்கினாள். கேட்டுவிட்டு, "இது ஒண்ணும் மோசமில்லைன்னு போயிச் சொல்லு" என்றாள். சொன்னேன். அன்று சாயங்காலம் டாக்டரே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். தூறலில் குடையை மடக்கிப் பிடித்தபடி, "எப்படிங்க மோசமில்லைன்னு சொல்றீங்க? பாதிப் பாட்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுருது" என்று சண்டைக்கு நின்றார். அக்கா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "சின்னப் பாட்டுன்னா தப்புங்களா?" என்றாள். அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கால் மணி நேரம் வாதாடிவிட்டு அவர் தோற்றுப்போன மாதிரி திரும்பிப் போனார். அக்கா அன்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

குடியிருப்பில் பத்து வாசல்கள். பத்து வாசலிலும் ஆள் நின்று அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வாரத்தில்தான் நான் டேப்பைக் கெடுத்தேன். நாலாவது கேசட்டை அக்கா மறுபடியும் வாங்கி வைத்திருந்தாள். அவள் இல்லாத நேரத்தில், அவள் அழும் இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடினேன். முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கியதில் நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. அக்கா வந்து பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாடாவை விரல் விரலாக வெளியே எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே அனுப்பினாள். எல்லாம் முடிந்தபிறகு என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"உனக்குக் காதே கெடையாதுடி. இனி நான் கேக்கறப்ப இங்க உக்காராத."

அறை வலிக்கவில்லை. காது இல்லை என்றதுதான் வலித்தது. ஏனென்றால் அது எனக்கே தெரிந்த உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். காளப்பநாயக்கன்பட்டியில் உரக்கடை வைத்திருந்தார். வளைவுகளில் வாந்தி வரும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவைதான் மலையேறுவார். வந்து இறங்கும்போது கையில் எலுமிச்சம்பழமும் முகத்தில் பச்சை நிறமுமாக இருந்தார். தண்ணீர் குடித்ததும் முதல் வார்த்தையாக, "கீழ பஸ்ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு வந்திருச்சு தம்பி" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. பெரியப்பா புரியவைத்தார். கேசட்டுகள் போவதும் வருவதும், வாசலில் குடையோடு நின்றதும் எல்லாம் அவரிடம் இருந்தன. பிறகு அக்காவின் மேசையைக் குடைந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"நாலு. ரெண்டாம் பக்கம். ஏழு ஏழு ஏழு அஞ்சு. ஆறு நிமிசம் கழிச்சு. அழுகை வந்துச்சு." நோட்டை அப்பாவின் மடியில் போட்டார். "என்ன கணக்கு இது? எந்தத் தேதி, எத்தன மணிக்கு, எங்க?"

"அது தாளங்க பெரியப்பா. பாட்டுல தாளம் ஏழு ஏழா வரும். அதைத்தான் எண்ணினேன்" என்றாள் அக்கா. குரல் நடுங்கவில்லை. இவ்வளவு எளிதாக விளக்கிவிட முடிகிற விஷயம்தானே என்ற தெளிவு அதில் இருந்தது.

"இங்கிலீசுப் பாட்டுல இவ தாளம் எண்ணுனாளாம்."

அப்பா எழுந்தார். அவர் தன் மகளை நம்ப விரும்பினார். "எது, எடுத்துப் போடு சாமி" என்றார். அக்கா நாலாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டாள். அப்பா நாற்காலியை டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சாமி கும்பிடுகிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டு, எண்ணுவதற்குத் தயாராக விரலை முழங்கால்மேல் வைத்தார்.

'ம்ம்ம்' என்று மாவு மில் ஓடியது.

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அப்பாவின் விரல் அப்படியே இருந்தது.

"எங்க சாமி தாளம்?" என்றார் பெரியப்பா.

"கொஞ்சம் பொறுங்க. ஆறு நிமிசம் ஆகும்."

"ஆறு நிமிசமா!"

இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அதிகம். பெரியப்பா கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார். டேப் 'டக்' என்று நின்றது. அப்பா கண்ணைத் திறந்தார். ஆனால் மறுபடி போடச் சொல்லவில்லை.

"சின்னவ கூடவேதான இருந்திருக்கா" என்று பெரியப்பா என்னைப் பக்கத்தில் இழுத்தார். எலுமிச்சை வாசனை அடித்தது. "நீ சொல்லு கண்ணு. இதுல தாளம் கீளம் ஏதாச்சும் வருதா? ஏழு ஏழா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. அப்பாடா என்று அவள் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். நான் இருக்கிறேன், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணியவள், நான் சொல்லிவிடுவேன் என்று இருந்தாள். அந்த வாரம் முழுக்க என்னைப் பக்கத்தில் உட்காரவிடாதவள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க பெரியப்பா" என்றேன்.

பொய் இல்லை. அவள் சொன்னதைத்தான் சொன்னேன்.

"அப்ப அந்தப் பாட்டைப் போட்டுட்டு உங்கக்கா என்னதான் பண்ணுவா?"

"அழுவா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, இதற்குமேல் என்ன வேண்டும் என்பதுபோல் இரண்டு கையையும் விரித்தார். என்னை மடியில் உட்காரவைத்து, பையிலிருந்து ஜிலேபிப் பொட்டலத்தை எடுத்து முதல் துண்டை எனக்குக் கொடுத்தார். தின்றேன்.

அன்றைக்கே அப்பாவும் பெரியப்பாவும் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். "சார், நான் அவங்கள மொத்தமா மூணு தடவைதான் பாத்திருக்கேன்" என்று அவர் சொன்னாராம். அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரியம்மா வழியில் ஒரு லாரிக்காரர் மகன் இருந்தான். அவனுக்கு அக்காவைப் பெரியப்பா முன்பே ஒரு தடவை கேட்டு, அப்பா "அவ படிக்கட்டும்" என்று தட்டிக்கழித்திருந்தார். இந்தத் தடவை தட்டவில்லை. பூ வைக்க நாள் குறித்தாயிற்று.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் அப்பா தனியாக டேப் ரிக்கார்டர் முன் உட்கார்ந்திருந்தார். அலுவலக நேரத்தில் அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு கேசட் மட்டும் திருப்பிக் கொடுக்காமல் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம் தாண்டியிருக்க வேண்டும், டிரம் வந்துவிட்டிருந்தது. அப்பாவின் விரல் முழங்கால்மேல் தட்டிக்கொண்டிருந்தது. அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு. மறுபடி ஒன்று.

என்னைப் பார்த்ததும் டேப்பை நிறுத்திவிட்டார். "போயி வெளையாடு சாமி" என்றார். அப்பாவுக்காவது காது இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவர் ஏன் அவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று யோசிக்கவில்லை. குறித்த நாளில் பூ வைத்தார்கள். கல்லூரி விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அம்மா மளிகைச் சாமான் எழுதினாள்.

அக்கா யாரோடும் சண்டை போடவில்லை. என்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதுவரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வசவு வாங்காமல் நான் தூங்கியதில்லை. தலைவாரும்போது கொட்டுவாள், எழுத்துப்பிழைக்குக் கிள்ளுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தலையை மெதுவாக வாரிவிட்டாள். தட்டில் இருந்த வடையை நான் கேட்காமலே எனக்கு எடுத்து வைத்தாள். எது சொன்னாலும் "சரி கண்ணு" என்றாள். எங்கக்கா ரொம்ப நல்லவளாயிட்டா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் காளப்பநாயக்கன்பட்டியில் கல்யாணம். காரில் ஏறும் முன் அக்கா அம்மாவோடு ஒரு மூச்சுச் சண்டை போட்டாள், ஏதோ ஜாக்கெட்டைப் பெட்டியில் வைக்க மறந்துவிட்டதற்காக. அம்மா அழுதுகொண்டே திருப்பித் திட்டினாள். பிறகு அக்கா என்னிடம் வந்தாள். என் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் குழந்தை ஒன்று நின்றுகொண்டிருந்தது, என் வயதுதான் இருக்கும். அக்கா அதன் கன்னத்தைத் தட்டி, "நல்லாப் படி கண்ணு" என்றாள். என் கன்னத்தையும் தட்டி, அதே மாதிரி சிரித்து, "நல்லாப் படி கண்ணு" என்றாள்.

புதுப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நான் நிமிர்ந்து நின்றேன். அத்தனை பேர் பார்க்க அக்கா என்னிடம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.