சரிபார்ப்பை நிறுத்திய வரி

எங்கள் மருத்துவமனைக் கணினிப் பிரிவில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. என் வயதுதான். முன்பு இங்கேயே தொலைபேசி ஆபரேட்டராக இருந்து, மாலை வகுப்பில் படித்து மாடியில் எங்கள் பிரிவுக்கு வந்தவள். அந்த நாட்களில் 'அண்ணன் பேசறேன்' என்றவனை நம்பி ஒரு பெண்ணின் அறை எண்ணைச் சொல்லிவிட்டாள். வந்தவன் அண்ணன் இல்லை. அதிலிருந்து யார் எது கேட்டாலும் போனை வைத்துவிட்டு, தானே திரும்ப அழைப்பாள்.

"உன்னைக் கட்டிக்கப் போறவன் அடையாள அட்டையோடதான் வரணும்" என்று கேலி செய்வேன்.

"ரெண்டு அட்டை" என்பாள்.

இங்கே பதிவாகும் ரத்தப் பிரிவை, எதிர்க் கட்டடத்து சர்வர் உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும். அறுவை சிகிச்சை அங்கேதான். வழியில் யாரும் படிக்காதபடி பூட்டித்தான் போகிறது. ஆனால் கொடுப்பது எங்கள் சர்வர்தானா என்று, அதன் அடையாள அட்டை மாதிரியான சான்றிதழையும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் வேறு எவனாவது தவறான பிரிவைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நான் சேர்ந்த மாதம் அந்தச் சரிபார்ப்போடு இணைப்பு வரவேயில்லை. நிறுத்தினேன், வந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எட்டு மாதம் ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"டேய், இந்த வரியை எழுதுனது யாரு?"

முன்பு எங்களோடு இருந்து வேலையை விட்டுப் போன ஒருவன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான்."

அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சரிபார்ப்பைப் போட்டாள். இணைப்பு அறுந்தது. சான்றிதழில் வேறு ஏதோ பெயர்.

"நடுவுல எவனாவது உக்காந்திருக்கானா?" என்று கேட்டேன்.

"தெரியல. ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போடு. எல்லாருக்கும் ரத்தத்தை மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லு."

"ஏன்னு கேப்பாங்களே?"

"உள்ளதைச் சொல்லு."

அவள் கீழே சர்வர் அறைக்கு ஓடினாள். எதிர்முனையில் நர்ஸ், "ஒருத்தரை உள்ள கொண்டுபோயாச்சே தம்பி" என்றார். "நிறுத்துங்க" என்றேன்.

அரை மணி கழித்து மேலே வந்தாள். "பழைய மெஷினோட சான்றிதழைப் புதுசுல அப்படியே போட்டிருக்காங்க. நடுவுல யாரும் இல்ல."

மூச்சு வந்தது. "அப்போ ஒண்ணும் ஆகலையே?"

"இன்னைக்கு யாரும் இல்ல. எட்டு மாசத்துல எவனும் வரலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்ல மேலாளர் அறைக்கு நடந்தேன். அவள் கூட வரவில்லை.