கோமதி அக்கா விடாமல் கேட்ட ஒரு பணியிடம்

கோமதி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தெரிந்தது. குழந்தை பேசும் அறைக்குள் கைப்பேசி வரக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். செவ்வாய்க்கிழமை காலை ஒரு சிறுமியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் கிளம்பிய பிறகு வெளியே வந்து என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தால், சாலைக் கடைத்தெருவிலிருந்து அக்காவின் தம்பி ஐந்து முறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன். "அக்கா போயிட்டா. காப்பி குடிச்சிட்டு இருந்தா, அப்படியே சாஞ்சிட்டா" என்றார்.

துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளுக்காகக் கரமனையில் அரசு நிதியில் நடக்கும் எங்கள் சிறிய மையத்தை அவர் தொடங்கியது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். நான் அங்கே ஆலோசகர். ஒரே ஒரு பணியிடத்துக்காக அவர் ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தார் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. இப்போது சொல்கிறேன்.

பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தியை எங்களிடம் அனுப்பினார்கள். தமிழ் மட்டும்தான் தெரியும்; இங்கே அலுவல் எல்லாம் மலையாளத்தில். காவல் நிலையத்தில் அவள் 'மாமா' என்று சொன்னதை, மலையாளத்தில் எழுதியவர் 'அம்மாவன்' என்று எழுதிவிட்டார். அதற்குத் தாய்மாமன் என்று பொருள். அவளுடைய தாய்மாமனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். புகார் கொடுக்க அவளைப் பஸ் ஏற்றி அழைத்து வந்ததே அந்த மனிதர்தான்.

பிள்ளை இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "எங்க மாமாவ எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள். அக்கா அவளெதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உன்னைய உபத்திரவம் பண்ணினது எந்த மாமா மக்ளே?"

"அது பக்கத்து வீட்டு மாமா. நான் அங்கயே சொன்னேனே."

அன்று மாலையே தாய்மாமன் வெளியே வந்தார். பக்கத்து வீட்டுக்காரன் பிடிபட்டான். எங்களுக்கு நிம்மதி. அக்காவுக்கு இல்லை. ஆண்டுதோறும் வரும் அரசு நிதியில் ஆலோசகருக்கு இடம் இருந்தது, மருத்துவருக்கு இடம் இருந்தது, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. மறுநாளே மனு எழுதினார். மனு போய்க் கிடந்த காலமெல்லாம் தமிழ்க் குழந்தை எது வந்தாலும் வாக்குமூலத்துக்கு அவரே போய் உட்கார்ந்தார். ஆனாலும் ஒவ்வொரு அறிக்கையிலும் 'மையத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை' என்ற வரியைச் சேர்த்தார்.

துறை அலுவலகத்தில் எங்கள் ஆண்டு நிதிக் கோப்பைப் பார்த்தவர் கரமனை அக்ரஹாரத்துக்காரர், நல்ல மனிதர். "ஸ்கீம்ல இல்லாத போஸ்டுக்கு நான் எங்கேர்ந்து பணம் கொண்டுவரட்டும் மேடம்? அந்த ஒரு வரியை எடுத்துட்டேள்னா ஃபைல் இன்னிக்கே மேலே போயிடும்" என்றார்.

"ஸ்கீம்ல இல்லைன்னுதானே சார் எழுதியிருக்கேன்" என்றார் அக்கா.

மொழிபெயர்ப்பாளருக்கான சம்பளத்தைத் தன் பலசரக்குக் கடையிலிருந்து தருவதாக அக்காவின் தம்பி சொன்னார். அக்கா மறுத்துவிட்டார். "நாளைக்கு உனக்கு ஏவாரம் படுத்துட்டா? பிள்ள வாய் தொறக்கதுக்கு உன் ஏவாரம் நல்லாருக்கணுமா? சர்க்காரு குடுக்கணும்."

அந்த வரியால் அந்த வருடம் நிதிக் கோப்பு நின்றது, எங்கள் சம்பளமும் நான்கு மாதம் நின்றது. நான் பொறுமையிழந்தேன். "ஒரு வரிதானே அக்கா, எடுத்துருவோம். வாடகை குடுக்கணும் எனக்கு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீ வேற வேலைக்குப் போறதுன்னா போ, சங்கடப்பட மாட்டேன். அந்த வரிய எடுக்க மட்டும் சொல்லாத."

போகத்தான் நினைத்தேன். ஒரு நேர்காணலுக்கும் போய்வந்தேன். அந்த வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், வாக்குமூலம் கொடுக்க வந்த ஒரு தமிழ்க் குழந்தையின் அருகில் நான் உட்கார வேண்டியதாயிற்று. குழந்தை முணுமுணுத்தது. எழுதுபவர் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எதைச் சொல்கிறேனோ அதுதான் இனி அந்தக் குழந்தையின் வாக்கு என்று அப்போதுதான் உறைத்தது. மாலையில் அக்காவிடம் போய், "வரி அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மூன்றாவது வருடம் ஆணை வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர், ஓராண்டுக்கு. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பெண் ஒருவர் வேலையில் சேர்ந்தார். நாங்கள் லட்டு வாங்கி வந்தோம். அக்கா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, "ஒரு வருஷம்னா அடுத்த மனுவ இப்பவே எழுதணும்லா" என்று காகிதத்தை எடுத்தார்.

அந்த ஓராண்டு இந்த மாதத்தோடு முடிகிறது. அக்கா அன்று எழுதிய மனுவுக்குப் பதில் வராததால், அவரைத் தகனம் செய்த மறுநாள் நீட்டிப்பு மனுவை நான் மறுபடி எழுதினேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய முதல் மனுவில், எல்லோரும் எழுதுவதுபோல் 'தயவுண்டாகி' என்று தொடங்கியிருந்தேன். அக்கா அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "தயவு எதுக்கு? பிள்ளைங்களுக்குச் சேர வேண்டியதக் கேக்கோம்" என்றார். இந்த மனுவில் அந்தச் சொல் இல்லை.

கொண்டுபோய்க் கொடுத்தபோது, "மேடம் வரலியா?" என்று கேட்டார் அந்த அக்ரஹாரத்து அதிகாரி. நடந்ததைச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். பிறகு, "வச்சுட்டுப் போங்கோ, பாக்கறேன்" என்றார்.

"கோப்பு எண் போட்டுத் தாங்க சார். வாங்கிட்டுப் போறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எண் கிடைக்க முக்கால் மணி நேரமானது. நின்று வாங்கினேன்.

கெஞ்சாமல் கேட்பது, கிடைக்கும்வரை கேட்பது. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்துக்கொண்டது இதுதான். வரும் புதன்கிழமை அந்த அலுவலகத்துக்கு மறுபடியும் போகிறேன்.