கரிக்கை

கம்ப்யூட்டரில் எழுதப் பழகும் பிள்ளைகளைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அதற்காக இன்று போன பள்ளியில் கம்ப்யூட்டர்மேல் பிளாஸ்டிக் உறை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஏழாம் வகுப்புச் சிறுமியாக ராயபுரம் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றேன்.

துறைமுகத்து நிலக்கரித் தூசி எங்கள் தெருவில் சோற்றிலும் விழும், கையிலும் ஒட்டும். "கரிக்கையோட தொட்டா கெட்டுடும்" என்று டீச்சர் எங்களை உள்ளேயே விடவில்லை. பரீட்சையில் கீபோர்டைப் படமாக வரைந்து முழு மார்க் வாங்கினேன். ஓர் எழுத்துகூட அடித்ததில்லை. என்ன அநியாயம் இது.

துறைமுகத்தில் கரி இறக்கிய நைனாவிடம் சொன்னேன். தேய்த்துக் குளித்தும் கறுப்பு போகாத நகங்களைப் பார்த்தபடி கேட்டார்: "நாங்க எறக்குற கரிலதான் அதுக்குக் கரண்டே வருது. நீ தொட்டா மட்டும் கெட்டுப்பூடுமாமா?"

"பசங்க கை அழுக்கு மேடம், நீங்களே தொட்டுக் காட்டுங்க" என்றார் இன்றைய ஆசிரியர். உறையை உருவி அவர் கையில் திணித்தேன். கடைசி பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"கை கழுவ வேணாம். வந்து உன் பேரை அடி."